அறிந்தவர்களின் மௌனம்: ‘கலீலா வ திம்னா’வில் ஒரு வழக்கும் அதன் ஆசிரியரின் முடிவும்

அரபு இலக்கியம் பயில வரும் மாணவரின் கையில் தொடக்கத்திலேயே தரப்படும் உரைநடை நூல்களுள் ‘கலீலா வ திம்னா’ ஒன்று. விலங்குகள் பேசும் கதைகள் என்பதால் சிறுவர் நூல் என்றே பலரும் அதனைக் கருதுகின்றனர். அதிலுள்ள திம்னாவின் விசாரணைப் பகுதியைப் பாடம் நடத்தி முடித்ததும், ‘இக்கதையில் குற்றவாளிகள் எத்தனை பேர்?’ என்று மாணவர்களைக் கேட்பது என் வழக்கம். பெரும்பாலோர் ‘ஒருவன்’ என்பர். சிந்திப்பவர் சிலர் சிங்கத்தையும் சேர்த்து ‘இருவர்’ என்பர். ஓராண்டு, பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “உண்மை தெரிந்திருந்தும் பேசாமலிருந்தவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது, ஹழ்ரத்?” என்று கேட்டார். அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. அந்த வினாவை முன்வைத்து நூலையும் நூலாசிரியரின் வாழ்வையும் மீண்டும் படித்ததன் பயனே இக்கட்டுரை.

நூல் வந்த வழி

வடமொழிப் பஞ்சதந்திரமே இந்நூலின் மூலம் என்பது அறிஞர் யாவரும் ஒப்பும் செய்தி. சாசானியப் பேரரசர் குஸ்ரூ அனூஷிர்வானின் (ஆட்சி கி.பி. 531–579) காலத்தில் புர்ஸூயா என்னும் மருத்துவர் அதனையும் வேறு சில இந்தியக் கதைகளையும் பஹ்லவி மொழியில் ஆக்கினார். அந்தப் பஹ்லவி நூல் இன்று இல்லை. ஆயின் அதிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன. ஒன்று, 6ஆம் நூற்றாண்டிலேயே செய்யப்பட்ட பழைய சிரியாக் மொழிபெயர்ப்பு. மற்றொன்று, கி.பி. 750ஐ ஒட்டிய ஆண்டுகளில் இப்னுல் முகஃப்பா அரபியில் ஆக்கிய ‘கலீலா வ திம்னா’. பாரசீகம், எபிரேயம், இலத்தீன், ஸ்பானியம் என உலக மொழிகள் பலவற்றுக்கு இக்கதைகள் சென்றது இந்த அரபு வாயிலின் வழியேதான். தமிழுக்கோ அவை வேறு வழியில் வந்தன. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்த பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்தது. கரடகன், தமனகன் என்று நாம் சிறுவயதில் கேட்ட நரிகளே அரபியில் கலீலாவும் திம்னாவும் ஆயினர்.

ஆனால் தமனகனின் முடிவு வேறு; திம்னாவின் முடிவு வேறு. வடமொழி நூலின் முதல் தந்திரத்தில், நட்பைப் பிரித்து எருதின் மரணத்திற்குக் காரணமான தமனகன், வருந்தும் சிங்கத்தைத் தேற்றி அமைச்சனாகவே நிலைபெறுகிறான். அரசியல் நுட்பத்தை இளவரசர்களுக்குக் கற்பிக்க எழுந்த நூலுக்கு அது பொருந்திய முடிவே. சூழ்ச்சி எவ்வாறு செயல்படும் என்பதைக் காட்டியதும் பாடம் நிறைவுற்று விடுகிறது. அரபு நூலில் அதற்குப் பின் ஒரு தனி அத்தியாயம் தொடர்கிறது. திம்னாவின் செயலைப் பற்றிய விசாரணை அது. வடமொழியில் அது இல்லை. அதே பஹ்லவி மூலத்திலிருந்து பிறந்த சிரியாக் நூலிலும் இல்லை. மார்தீன் நகரில் கண்டெடுக்கப்பட்ட சிரியாக் பிரதி 1876இல் அச்சானபோது இவ்வேறுபாடு ஐயத்திற்கிடமின்றித் தெளிவாயிற்று. இந்த அத்தியாயம் இப்னுல் முகஃப்பாவே எழுதிச் சேர்த்தது என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. மொழிபெயர்க்க அமர்ந்தவர் மூலநூலின் முடிவோடு உடன்பட மறுத்து, குற்றவாளியை நீதிமன்றத்திற்கு இழுத்து வந்திருக்கிறார்.

கொலைக்கு முன் மூவர்

கதையைச் சுருங்கக் கூறுவோம். வணிகன் ஒருவனால் கைவிடப்பட்ட ஷத்ரபா என்னும் எருது காட்டில் கொழுத்து முழங்குகிறது. அக்குரலைக் கேட்டறியாத சிங்கம் அஞ்சுகிறது. அரசவையில் இடம்பிடிக்கத் துடிக்கும் திம்னா, எருதை அழைத்து வந்து சிங்கத்தின் நட்பில் சேர்க்கிறான். எருதின் அறிவு சிங்கத்தைக் கவர்கிறது. திம்னா பின்னுக்குத் தள்ளப்படுகிறான். பொறாமை மூள்கிறது. ‘எருது உம் ஆட்சியைக் கைப்பற்ற எண்ணுகிறது’ என்று சிங்கத்திடமும், ‘சிங்கம் உம்மைத் தின்னப்போகிறது’ என்று எருதிடமும் கூறுகிறான். இன்னின்ன குறிகளைக் கண்டால் என் சொல் உண்மை என்று அறிக என இருவருக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறான். அச்சத்தால் விறைத்து நின்ற இருவரும் ஒருவரிடம் ஒருவர் அக்குறிகளையே கண்டனர். எருது கொல்லப்பட்டது.

திம்னாவின் குறை வெளிப்படையானது. பதவி ஆசையில் தொடங்கிப் பொறாமையில் முற்றியது. சிங்கத்தின் குறை அவசரம். தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதனைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் பணிப்பதை நாம் அறிவோம். நேற்றுவரை உற்ற நண்பனாயிருந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் தெளிந்திருக்கும். வலிமை மிக்கவன் கேட்க அஞ்சினான், கொல்ல அஞ்சவில்லை.

மூன்றாமவன் கலீலா. திம்னாவின் சகோதரன், அறிவும் அடக்கமும் உடையவன். தமக்குரியதல்லாத பதவியை நாடுவது ஆபத்து என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கிறான். பொறாமையின் விளைவை எடுத்துரைக்கிறான். கொலை நடந்தபின் கடுமையாகக் கண்டிக்கிறான். இவ்வளவும் வீட்டிற்குள். சிங்கத்திடம் அவன் போகவில்லை. எருதின் காதில் ஒரு சொல் போடவுமில்லை. உறவினருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கேட்கும் இடத்தில் கலீலா தடுமாறி நிற்கிறான். அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுக, அவனை அதிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்னும் கருத்தமைந்த நபிமொழி புகாரியில் உள்ளது. அந்த உதவியைக் கலீலா சொல்லோடு நிறுத்திக்கொண்டான். நல்லவன் என்று நாம் நினைக்கும் பாத்திரத்தை ஆசிரியர் ஒரு குற்றவாளியின் பெயரோடு இணைத்தே நூலின் தலைப்பாக வைத்திருப்பது இவ்விடத்தில் எண்ணத்தக்கது.

விசாரணை தொடங்குகிறது

ஓர் இரவு சிறுத்தையொன்று அவ்விரு நரிகளின் இருப்பிடத்தைக் கடந்து செல்கிறது. உள்ளே கலீலா திம்னாவைக் கண்டிப்பது அதன் காதில் விழுகிறது. சூழ்ச்சி முழுவதும் தெரிந்துவிடுகிறது. அது நேரே அரசனிடம் போகவில்லை. சிங்கத்தின் தாயிடம் சென்று, வெளியே சொல்லக்கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டு செய்தியைக் கூறுகிறது. தாய் மகனிடம் விவரத்தைச் சொல்கிறாள். சொன்னவர் பெயரைச் சொல்லவில்லை. நம்பி ஒப்படைத்த இரகசியம் ஓர் அமானிதம். அதே வேளையில் கொலையொன்றின் சாட்சியமும் அதுவே. இவ்விரு கடமைகளுக்கிடையே அவள் தவிப்பதை ஆசிரியர் விரிவாகவே காட்டுகிறார்.

சிங்கம் இம்முறை அவசரப்படவில்லை. முன்பு திம்னாவின் சொல்லை மட்டும் நம்பி எருதைக் கொன்றது. இப்போது தாயின் சொல்லை மட்டும் நம்பித் திம்னாவைக் கொன்றால் அதே தவற்றை மறுபடியும் செய்வதாகும். எனவே திம்னா சிறையிலிடப்படுகிறான், நீதிபதி நியமிக்கப்படுகிறார், அவையோர் கூடுகின்றனர். அறிந்தவர் எவராயினும் அறிந்ததைக் கூறலாம் என்று நீதிபதி அழைக்கிறார். அவை வாய் திறக்கவில்லை. அப்போது திம்னாவே எழுந்து, ஏன் பேசாதிருக்கிறீர்கள், அறிந்ததைச் சொல்லுங்கள் என்கிறான். அத்தோடு, அறியாததை அறிந்ததாகச் சொல்லி மருந்து கொடுத்து மன்னன் மகளைச் சாகடித்த போலி மருத்துவன் ஒருவனின் கதையையும் கூறுகிறான். கேட்பதற்கு நேர்மையான அறிவுரை. உள்ளே இருப்பது மிரட்டல். உறுதியில்லாமல் வாய் திறந்தால் உங்கள் கதி அதுதான் என்பது அதன் பொருள். மௌனம் மேலும் இறுகுகிறது.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் மறுமையில் நன்மை உண்டு என்று நீதிபதி அறிவுறுத்தும்போதும் திம்னா அசையவில்லை. நீதிபதிகள் ஊகத்தைக் கொண்டு தீர்ப்பளிப்பதில்லை என்று வாதிடுகிறான். அவன் பொய்யன்; ஆனால் அவன் எடுத்துரைக்கும் விதி பொய்யன்று. கொடியவன் வாயிலிருந்தும் வரக்கூடிய நியாயத்தை நியாயமென்றே வாசகர் ஏற்க வேண்டியிருக்கிறது. இவ்வத்தியாயத்தின் கனம் இங்கேதான் உள்ளது.

பிறவிக் குறையா, தேர்ந்த செயலா?

விசாரணையின் நடுவே ஒரு நிகழ்ச்சி வருகிறது. அரண்மனைப் பணியில் இருந்த பன்றித் தலைவன், சாட்சியம் எதுவும் தேவையில்லை என்பதுபோல் எழுகிறான். இடக்கண் சிறுத்துத் துடித்துக்கொண்டிருப்பதையும் மூக்கு வலப்புறம் சாய்ந்திருப்பதையும் சுட்டிக்காட்டி, இத்தகைய அங்க அடையாளமுடையவன் கொடியவன் என்று அறிஞர் எழுதியுள்ளனர் என்கிறான். முகக்குறி கண்டு குணம் சொல்லும் ஃபிராஸா என்னும் கலை அக்காலத்தில் மதிப்புப் பெற்றிருந்தது.

திம்னாவின் மறுமொழி கூர்மையானது. உடலமைப்புத்தான் ஒருவனை நல்லது செய்யவும் தீயது செய்யவும் வைக்கிறதென்றால், நல்லவனைப் புகழவும் தீயவனை இகழவும் காரணமே இல்லாது போய்விடும். தன்னால் மாற்ற இயலாத உறுப்புக்காக எவனைத் தண்டிப்பது என்று கேட்கிறான். பின்னர் பன்றித் தலைவனின் உடற்குறைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அரசனின் உணவருகே நிற்கத் தகுதியற்றவன் நீ என்று அவையிலே சிறுமைப்படுத்துகிறான். பன்றித் தலைவன் பதவி இழக்கிறான்.

மனிதன் தன் செயல்களுக்குப் பொறுப்பாளியா, விதியின் கருவியா என்னும் வாதம் ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் பஸராவின் அறிஞர் அவைகளில் சூடாக நடந்துகொண்டிருந்தது. அந்நகரில் வாழ்ந்த ஆசிரியர், பொறுப்பை வலியுறுத்தும் வாதத்தைக் குற்றவாளியின் வாயிலேயே வைத்துவிட்டார். அதன் விளைவு திம்னாவையே சூழ்கிறது. முகம் காரணமன்று எனில் அவன் செய்தது அவன் தேர்ந்து செய்ததே. தப்ப அவனுக்கு இனி வழியில்லை. பொறாமை அவன் உள்ளத்தில் எழுந்தது குறை. அதை எடுத்துக்கொண்டு இருவரின் வாயிலுக்கு நடந்தது தேர்வு. விசாரணை அந்த இரண்டாவதைப் பற்றியது.

இரு சாட்சிகள்

சிறையில் திம்னாவைக் காண வந்த கலீலா அழுது மீண்டும் கண்டிக்கிறான். வேதனையும் அச்சமும் அவனை நோயில் தள்ளி மாய்த்துவிடுகின்றன. உண்மையை முழுதும் அறிந்த முதல் சாட்சி சாட்சியம் சொல்லாமலே மறைகிறான். அச்செய்தியைத் திம்னாவிடம் கொண்டு வருபவன், அச்சில் வழங்கும் பதிப்புகளில், ரூஸ்பிஹ் என்னும் பெயருடைய நரி. ரூஸ்பிஹ் என்பது இஸ்லாத்தைத் தழுவுமுன் இப்னுல் முகஃப்பா தாங்கியிருந்த பாரசீகப் பெயர்.

கலீலாவும் திம்னாவும் சிறையில் பேசியதை அருகே அடைபட்டிருந்த சிவிங்கி கேட்டிருந்தது. அதுவும் வாய் திறக்கவில்லை. இறுதியில் சிங்கத்தின் தாய் சிறுத்தையிடம் சென்று, உண்மைக்குச் சாட்சி சொல்லும் கடமையை எடுத்துரைத்து அழைத்து வருகிறாள். சிறுத்தை சாட்சி சொன்னதும் சிவிங்கி சிறையிலிருந்து ஆளனுப்புகிறது, தானும் சொல்கிறது. இருவர் சாட்சியமும் பொருந்துகின்றன. இதுவரை ஏன் சொல்லவில்லை என்று சிங்கம் கேட்கிறது. ஒருவர் சாட்சியத்தால் தீர்ப்பு அமையாது என்பதை அறிந்திருந்தோம், பயனற்றதில் தலையிட விரும்பவில்லை என்பதே இருவரின் விடையும். திம்னா சிறையிலேயே கொல்லப்படுகிறான்.

இந்த விடையைச் சட்ட நுணுக்கமாக மட்டும் படித்துச் சென்றுவிடுவது எளிது. இரு சாட்சிகள் வேண்டும் என்னும் விதி குற்றமற்றவரைக் காப்பதற்கு எழுந்தது. அவ்விதியையே இவ்விருவரும் தம் மௌனத்திற்குத் திரையாக்கிக்கொண்டனர். மற்றொருவர் முன்வரட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தனர். தாய் ஒருத்தி நடந்து சென்று கேட்டிராவிட்டால் இருவரும் இறுதிவரை காத்திருந்திருப்பர். சாட்சியத்தை மறைப்பதை உள்ளத்தின் பாவமாக அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் குறிப்பதன் ஆழம் இங்கே விளங்குகிறது. வெளியே எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. உள்ளே ஒன்று பழுதடைந்துவிட்டது.

என் மாணவரின் வினாவிற்கு ஆசிரியர் தம் முன்னுரையிலேயே விடை வைத்திருக்கிறார். இரவில் தன் வீட்டில் திருடன் புகுந்ததை ஒருவன் அறிகிறான். என்ன செய்கிறான் என்று பார்ப்போம், எல்லாவற்றையும் சேர்த்து முடித்ததும் எழுந்து பிடிப்போம் என்று படுத்தவாறே இருக்கிறான். காத்திருந்தவனை உறக்கம் ஆட்கொள்கிறது. திருடன் எல்லாவற்றையும் கொண்டு சென்றுவிடுகிறான். செயல்படாத அறிவு பயனற்றது என்பதற்கு ஆசிரியர் கூறும் உவமை இது. கலீலாவும் சிறுத்தையும் சிவிங்கியும் அந்த வீட்டுக்காரனே.

ஆசிரியரின் வழக்கு

கதை இத்துடன் முடிந்தது. இனி வரலாறு. இப்னுல் முகஃப்பா பாரசீகத்தின் ஜூர் நகரத்தவர். உமய்யா ஆட்சியில் வரி அலுவலராயிருந்த அவர் தந்தை, பணம் கையாடினார் என்ற குற்றச்சாட்டில் வதைக்கப்பட்டுக் கை சுருங்கிப் போனார். ‘கை சுருங்கியவரின் மகன்’ என்பதே இப்னுல் முகஃப்பா என்னும் பெயரின் பொருள். அப்பாஸிய்யக் கலீஃபா மன்சூரின் சிறிய தந்தையருள் ஒருவரான ஈஸா இப்னு அலீயிடம் அவர் எழுத்தராயிருந்தார். அவர் முன்னிலையிலேயே இஸ்லாத்தைத் தழுவினார். ஊருக்கு ஊர் தீர்ப்புகள் முரண்படுவதைச் சுட்டிக்காட்டி, அவற்றை ஒழுங்குபடுத்தித் தொகுக்குமாறு கலீஃபாவுக்கு ஆலோசனை கூறும் ‘ரிஸாலத்துஸ் ஸஹாபா’ என்னும் மடலையும் எழுதினார். நீதி அவருக்குக் கதைப்பொருள் மட்டுமன்று.

மன்சூரின் மற்றொரு சிறிய தந்தை அப்துல்லாஹ் இப்னு அலீ 754இல் ஆட்சிக்கு உரிமை கோரித் தோற்றார். பஸராவில் தம் சகோதரரிடம் அடைக்கலம் புகுந்தார். அவருக்குக் கலீஃபா தரவேண்டிய பாதுகாப்பு உறுதிமொழியை எழுதும் பணி இப்னுல் முகஃப்பாவிடம் வந்தது. வாக்கு மீறப்பட்டால் கலீஃபாவின் மனைவியர் மணவிலக்குப் பெற்றவராவர், அடிமைகள் விடுதலை பெறுவர், மக்கள் அவருக்குக் கீழ்ப்படியும் கடமையிலிருந்து நீங்குவர் என்று எந்த இடுக்கும் விடாமல் எழுதினார். மன்சூர் சினந்தார்.

பஸராவின் புதிய ஆளுநர் சுஃப்யான் இப்னு முஆவியாவுக்கும் அவர்மீது பழைய பகை. அதற்குக் காரணம் எழுத்தரின் நாவே. ஆளுநரின் பெரிய மூக்கைக் கேலி செய்ய, ‘உங்கள் இருவர்மீதும்’ என்று இருமை வடிவில் ஸலாம் கூறுவாராம். மௌனத்திற்காக நான் என்றும் வருந்தியதில்லை என்று சுஃப்யான் சொன்னபோது, ஊமைத்தனமே உமக்கு அழகாயிருக்க ஏன் வருந்தப்போகிறீர் என்றாராம். இப்னு கல்லிகான் தொகுத்துள்ள செய்திகள் இவை. பன்றித் தலைவனைத் திம்னா உடற்குறை சொல்லிச் சிறுமைப்படுத்தும் பகுதியை எழுதிய கைக்கு அந்தப் பழக்கம் உண்மையிலேயே இருந்தது போலும். அறிவாளியின் குறை அது. அதைத் தேர்ந்து செய்தவரும் அவரே.

ஹிஜ்ரி 139க்கும் 142க்கும் (கி.பி. 756–759) இடையில், நாற்பது வயதை எட்டுமுன், ஆளுநரின் இல்லத்திற்குள் சென்ற இப்னுல் முகஃப்பா திரும்பி வரவில்லை. உறுப்புகள் துண்டிக்கப்பட்டு அடுப்பிலிடப்பட்டார் என்பது பரவலான செய்தி. அவர்மீது ஸிந்தீக் என்னும் பழியும் சுமத்தப்பட்டது. எந்த நீதிபதியின் முன்னும் அது நிறுவப்படவில்லை. ஊகத்தைக் கொண்டு தீர்ப்பில்லை என்று திம்னாவுக்கே கிடைத்த விசாரணை திம்னாவைப் படைத்தவருக்குக் கிடைக்கவில்லை.

அதன்பின் நடந்ததாக இப்னு கல்லிகான் தருவது இன்னும் கனமானது. கலீஃபாவின் சிறிய தந்தையர் வழக்குத் தொடுத்தனர். அவர் உள்ளே சென்றதையும் வெளியே வராததையும் கண்ட சாட்சிகள் மன்சூரின் முன் நிறுத்தப்பட்டனர். சுஃப்யானை நான் கொன்றபின் இந்த வாயில் வழியே இப்னுல் முகஃப்பா உயிரோடு வந்தால், அதற்கு ஈடாக உங்களைக் கொல்லட்டுமா என்று கலீஃபா அவர்களைக் கேட்டாராம். சாட்சிகள் பின்வாங்கினர். போலி மருத்துவன் கதையைக் கூறித் திம்னா செய்த அதே வேலையை இங்கே அரியணை செய்தது. வழக்கு அதோடு முடிந்தது. அவர் யாருக்காக உறுதிமொழி எழுதினாரோ அந்த அப்துல்லாஹ் இப்னு அலீயும் பின்னர் சிறையில் மாண்டார்.

அச்சத்திற்குள்ளான சாட்சிகளை எளிதில் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. உயிருக்கு அஞ்சுவது மனித இயல்பு. நிர்ப்பந்தத்திற்கு மார்க்கமும் இடமளிக்கிறது. ஆயின் கலீலாவை எவரும் வாளோடு மிரட்டவில்லை. சிறுத்தையின் வாயிலில் எந்தக் காவலனும் நிற்கவில்லை. குடும்பங்களிலும் ஜமாஅத்துகளிலும் அலுவலகங்களிலும் ஒருவர்மீது அவதூறு பரவும்போது உண்மை அறிந்த நாம் வாளாவிருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. நான் ஒருவன் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதே அப்போதெல்லாம் நமக்குக் கிடைக்கும் காரணம்; சிறுத்தையும் சிவிங்கியும் சொன்ன காரணமும் அதுவே.

இப்போது அந்தப் பாடத்தை நடத்தும்போது என் வினாவை மாற்றிக்கொண்டேன். குற்றவாளிகள் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. சிறுத்தை கதவோரம் நின்று கேட்ட அந்த இரவில், அது மறுநாள் காலையில் எங்கே சென்றிருக்க வேண்டும் என்று கேட்கிறேன். வகுப்பில் சிறிது நேரம் எவரும் பேசுவதில்லை. பிறகு யாரேனும் ஒருவர் கை உயர்த்துகிறார்.